புதுப்பிப்பு: மகளின் அல்ஜீப்ரா 2 கோடை வகுப்பு முடிந்தது

கலிபோர்னியாவில் படிக்கும் என் மகள் பத்தாம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில் அல்ஜீப்ரா 2 என்ற இயற்கணிதப் பாடத்தில் டி தரம் வாங்கியதையும், கோடையில் அதைத் திரும்பப் படிக்க வைக்கலாமா என்ற என் தயக்கத்தையும் ஜூன் மாதம் இங்கே எழுதியிருந்தேன். இப்போது முடித்துவிட்டாள், பி கிடைத்திருக்கிறது.

டி என்றாலும் தேர்ச்சிதானே என்று சிலர் சொன்னீர்கள். பள்ளியைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குரிய பாடங்களில் பொதுவாக சி அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தையே கேட்கிறது. டி, எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தால் புதிய தரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

√(எக்ஸ் + 3) = எக்ஸ் − 3 போன்ற சமன்பாடுகளை இருபுறமும் வர்க்கப்படுத்தி, கிடைக்கும் 1, 6 இரண்டையும் விடையாக எழுதிவிடுவதே அவளுடைய பழைய வழக்கம். 1-ஐப் பொருத்தினால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2 என்று வருவதை ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவளே கண்டுபிடித்து, “அப்பா, இது பொய் விடை!” என்று கத்தினாள். (சாம்பார் ஆறிப்போனது.)

மடக்கையில் (லாகரிதம்) மட்டும் இன்னும் தடுமாறுகிறாள். ஆகஸ்டில் அடுத்த கணிதப் பாடமான ப்ரீகால்குலஸ் தொடங்குவதற்குள் அதை மட்டும் உட்கார்ந்து பார்க்கவிருக்கிறோம்.