புது ஆல்பம் போட்ட ராக் பாடகரிடம் என்ன கேட்கலாம்?

பேட்டி எடுத்த அனுபவம் இருந்தால் எழுதச் சொன்னீர்கள். சென்னையில் தமிழ் ராக் பாடும் ஒருவரை, புது ஆல்பம் வந்த சமயத்தில் சந்தித்தேன். பெயர் வேண்டாம்.

சினிமா பற்றிக் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். ‘எப்போ படத்துல பாடப் போறீங்க?’ என்று இவர்களிடம் கேட்காத ஆளே இல்லை. ஏதோ ஆல்பம் என்பது கோடம்பாக்கம் போகிற வழியில் ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி! அது எனக்குப் பிடிக்காது.

“மூணாவது பாட்டுல டிரம்ஸ் காதுக்குப் பக்கத்துலயே அடிக்கிற மாதிரி இருக்கே, எப்படி?” என்றுதான் ஆரம்பித்தேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்னேர் என்கிற டிரம் மேல் அவருடைய அம்மாவின் ஈரிழைத் துண்டை விரித்துப் போட்டிருக்கிறார்கள். துண்டு அதிர்வை அமுக்கிவிடுவதால் ஓசை நீளாமல் ‘டப்’பென்று நிற்கும். டிரம்ஸுக்கு மட்டும் ஸ்டுடியோ. மணிக்கணக்கில் வாடகை என்பதால், எல்லாப் பாட்டையும் தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் வைத்துப் பழகிவிட்டுத்தான் உள்ளேயே போயிருக்கிறார்கள். கிட்டாரும் குரலும் வீட்டில், சுவரில் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்து, லேப்டாப்பில் பதிவு செய்தவை.

வரிகளைப் பற்றியும் நிறையப் பேசினார். ராக் மெட்டு குரலை இழுக்கச் சொல்லும்; தமிழில் குறிலை இழுத்தால் பொருள் கெட்டுவிடும். அதனால் நெடில் விழும் இடத்தைப் பார்த்தே மெட்டைத் திருத்துவாராம். இதைக் கேட்டபின் அந்த ஆல்பம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

பணக் கணக்கு கசப்பானது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், மீதியில் பணப் பரிமாற்றக் கட்டணம் போகக் கைக்கு வரும். ஐந்தாவது பாட்டு மெதுவானது, அந்த ஆயிரத்தைத் தொடாது என்று அவருக்கே தெரியும். “அது இல்லன்னா ஆறாவது பாட்டு எழும்பாதுங்க” என்றார். ஆல்பத்தை வரிசையாகக் கேட்டுவிட்டுப் போனவருக்குத்தான் இந்தப் பதில் கிடைக்கும். தயவுசெய்து முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

*

அண்ணா, துண்டு விஷயம் அருமை! எங்கள் கல்லூரி இதழுக்காக ஒரு பாடகியைப் பார்த்தபோது நானும் ஆல்பத்தில் பாட்டுகளின் வரிசையைப் பற்றித்தான் கேட்டேன். அவங்க உடனே கிட்டாரை எடுத்து, ஒரு பாட்டின் கடைசி சுரத்தையும் அடுத்த பாட்டின் முதல் சுரத்தையும் வாசித்துக் காட்டினாங்க. ரெண்டும் ஒண்ணு. வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளில் கேட்டால் அது போச்சு.

*

பேஸ் கிட்டார்காரர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லை. நான் ஒருவரிடம் போனில் பேசினேன். புது ஆல்பத்தில் தனக்குப் பிடித்த இடத்தை ஆசையாக வாசித்தார், எனக்குத் தந்தியைத் தட்டும் சத்தம் மட்டும்தான் வந்தது. பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் தரும் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வுதான்; போன் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. “வாயால பாடிக் காட்டுங்க தம்பி” என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டே முழுவதையும் பாடினார். பிறகு ஹெட்போனில் கேட்டபோது பாட்டைத் தாங்குவதே அந்த வாசிப்புதான் என்று புரிந்தது. கட்டுரையை அங்கிருந்துதான் தொடங்கினேன்.