ஃபைட்டோரெமிடியேஷன்: மருத்துவமா, மீட்பா?

குழுவினருக்கு வணக்கம்.

நச்சு ஊறிய மண்ணையும் நீரையும் செடிகளைக் கொண்டு சரிசெய்வதுதான் ஃபைட்டோரெமிடியேஷன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் போன வாரம் ஒருவர் 'தாவர மருத்துவம்' என்று எழுதியிருந்தார். வேர்ச்சொல்லைப் பார்த்தால் சரிதான். கிரேக்கத்தில் ஃபைட்டோன் செடி, லத்தீனில் ரெமீடியம் மருந்து. அதைக் காரைக்குடியில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நிக்கல் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவரிடம், பின்கட்டில் கழிவுநீர் ஊறிக் கிடக்கிற மண்ணுக்குத் தாவர மருத்துவம் பார்க்கலாமே என்றேன். "சர்க்கரைக்குக் கேக்குமா தம்பி?" என்றார். அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

'தாவர நிவாரணம்' புயலுக்கு மறுநாள் வரும் செய்தி மாதிரி இருக்கிறது. 'தாவரத் தூய்மையாக்கம்' காதுக்கு நன்றாக இருந்தாலும் பாதிப் பொய். எண்ணெய்க் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும். நிக்கலும் காரீயமும் தனிமங்கள், அவற்றை எந்தச் செடியும் சிதைக்காது. வேர் வழியே தண்டுக்கும் இலைக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். அறுத்த செடியைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். நம் பக்கம் வெட்டிப்போட்ட சுள்ளி அடுப்புக்கோ கரிமூட்டத்துக்கோ போய்விடும், உள்ளே இருக்கிற உலோகமும் கூடவே போகும். 'தூய்மை' என்று பெயர் வைத்தால் இந்தப் பயம் யாருக்கும் வராது.

ஆகவே 'செடிவழி மீட்பு' என்கிறேன். செட்டிநாட்டில் மீட்பு என்றதும் நினைவுக்கு வருவது அடகு நகைதான். அது இங்கே பொருந்தியும் வருகிறது. தவணை தவணையாகக் கட்டி மீட்பது போல, ஓர் அறுவடைக்குக் கொஞ்சம் உலோகம்தான் வெளியே வரும், ஆண்டுக்கணக்கில் ஆகும். (மீட்பர் நினைவும் வரும் என்று ஒரு நண்பர் தனியே சொன்னார். வரட்டுமே.) 'மண்மீட்பு' என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. அணு உலை வெடித்த செர்னோபில் பக்கத்துக் குளத்தில் சூரியகாந்தியை மிதக்கவிட்டுக் கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். சொல் நீருக்கும் செல்ல வேண்டும்.

வெட்டிவேர் போல உலோகத்தை வேரடியிலேயே பிடித்து நிறுத்துவதற்கு 'வேர்க்கட்டு' போதும்.

உலோகத்தை அளவுக்கு மிஞ்சித் தன்னுள் சேர்க்கும் செடியை ஹைப்பர்அக்யூமுலேட்டர் என்பார்கள். அதற்கு வைக்கும் சொல்லில்தான் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. 'உலோகமுண்ணி' அழகுதான், ஆனால் அது தின்று செரிப்பதில்லை, சேர்த்துத்தான் வைக்கிறது. நியூ கலிடோனியாவில் ஒரு மரம் இருக்கிறது. கீறினால் நீலப்பச்சைப் பால் வரும், காய்ந்த பாலில் நூற்றுக்கு 25 பங்கு வரை நிக்கல். ஆர்செனிக்கை இப்படிச் சேர்க்கும் பெரணி ஒன்றை 2001இல் அறிவித்தார்கள். 'மிகைதிரட்டி' எப்படி?

இன்னொன்று. கடுகுச்செடி மண்ணிலிருந்து உலோகத்தை எடுப்பது பற்றி நம் குழுவில் வந்த மடலில் வெறுமனே 'ஈயம்' என்று இருக்கிறது. எங்கள் ஆயா ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அந்த மடலில் சொல்லும் நஞ்சு காரீயம். முழுச்சொல்லாகவே எழுதுவோம். மடலைப் படித்த என் மகள் சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டாள், ஆயா இன்னும் என்னோடு பேசவில்லை.