நேர்காணலில் எதைக் கேட்பது?

எங்கள் ஆலையின் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறேன். நிலைத்த வளர்ச்சி பற்றித் தெரிந்தவராக இருக்கணும் என்கிறார் மேலாளர். வருகிறவர்கள் ஐ.நா.வின் 17 இலக்குகளையும் கடகடவென ஒப்பிக்கிறார்கள். அதை வைத்து என்ன செய்ய? வேறு என்ன கேட்கலாம்?

பதில் 1: மின் கட்டண ரசீதைக் கையில் கொடுங்கள். யூனிட்டுக்கும் (மொத்தம் செலவான மின்சாரம்) உச்சத் தேவைக்கும் (ஒரே சமயத்தில் அதிகபட்சமாக இழுத்தது) வித்தியாசம் சொல்கிறாரா, பாருங்கள்.

பதில் 2: நான் கம்ப்ரசர் பக்கம், அதாவது காற்றை அழுத்தி மெஷின்களுக்கு அனுப்பும் இயந்திரம். அழுத்திய காற்றில் 20–30 சதவீதம் கசிவிலேயே வீணாகும் ஆலைகள் உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் எல்லாம் நின்றிருக்க, "கம்ப்ரசர் மட்டும் ஏன் அடிக்கடி ஓடுது?" என்று கேட்டவர் எங்கள் உதவியாளர். பட்டம் இல்லாதவர். சோப்பு நீர் தடவி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தோம், கசிந்த இடங்களில் நுரை பொங்கியது. (எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.)

கேட்டவர்: அந்தக் கேள்வியையே நாளைக்கு வைக்கிறேன்.

பதில் 1: ரசீதையும் மறக்காதீங்க.