பீடிக்கட்டை எந்தக் கணக்கில் எழுதுவது?

பாளை கணக்கன்:
தமிழ்நாட்டில் செய்கிற, சீக்கிரம் தீர்ந்துபோகிற பொருளின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதுதானே கேள்வி? அமெரிக்காவில் மாநிலவாரி உற்பத்திக் கணக்கில் 'நீடிக்காத பொருள்' என்று தனி வரியே இருக்கிறது. மூன்று வருஷம் தாங்காத சரக்கு எல்லாம் அதில் வரும்: சாப்பாடு, புகையிலை, துணி, காகிதம், மருந்து, ஏன், பெட்ரோலும்கூட. நமக்கு அப்படி ஒரு வரி இல்லை. தொழில் உற்பத்திக் குறியீட்டின், 2011-12ஐ அடிப்படை ஆண்டாக வைத்த வரிசையில் நுகர்வோர் நீடிக்காப் பொருளுக்கு நூற்றுக்கு 15.33 எடை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது நாடு முழுமைக்கும். தவிர, உற்பத்தி கூடியதா குறைந்ததா என்று காட்டுமே ஒழிய எத்தனை ரூபாய் என்று சொல்லாது. நான் கேட்கிறேன், தமிழ்நாட்டுக் கம்பெனிகளின் ஜிஎஸ்டி விற்பனையைக் கூட்டினால் முடிந்தது ஜோலி, இதுக்கு எதுக்கு இத்தனை சர்வே?

டவுன் அல்வா:
கூட்டினால் கந்தல்தான் அண்ணாச்சி. எங்கள் மாமா கடையில் 100 ரூபாய்க்கு அல்வா விற்றால் கோதுமை, சீனி, நெய், விறகு என்று 60 போய்விடும் என்று வையுங்கள். அந்தச் சீனியை ஆலைக்காரன் தன் விற்பனையில் ஏற்கனவே காட்டிவிட்டான், நெய்க்காரனும் அப்படியே. மிச்ச 40தான் மாமா போட்ட மதிப்பு, அதைத்தான் எண்ணவேண்டும். உங்கள் வழியில் போனால் ஒரே சீனிக்கு ரெண்டு தடவை பந்தி.

பாளை கணக்கன்:
சரி, கழித்துக்கொள். வாங்கினதும் விற்றதும் ரெண்டும் பில்லில்தானே இருக்கிறது?

முக்கூடல் மகள்:
பில்லா? எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். அம்மா சொளவை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, 25 பீடியை ஒரு கட்டாக அடுக்குவாள். ஆயிரத்துக்கு என்று ஏஜென்ட் கொடுக்கிற இலை எண்ணூறுக்குத்தான் வரும், மிச்ச இலையைக் கடையில் கைக்காசு போட்டு வாங்கவேண்டும். இந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் இல்லை. பிஎஃப் அட்டை அம்மா பேரில் ஒன்று, சுற்றுகிற கை அம்மா, சித்தி, நான் என்று மூன்று.

பாளை கணக்கன்:
உன் அம்மாவின் கூலி கம்பெனிக் கணக்கில் இருக்கிறது, தாயி. பதிவான ஆலைகளை அரசு எண்ணுகிற ஆண்டுத் தொழில் சர்வேயில், 2025 நவம்பர் வரை இருந்த 1966 பீடிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களும் வந்தன. வீட்டையும் தனியாக எண்ணினால் அதே கூலி ரெண்டு தடவை வராதா? இப்போது தம்பியின் சீனிக் கதை உனக்கே திரும்புகிறது.

டவுன் அல்வா:
இந்த இடத்தில் அண்ணாச்சி சொல்வது சரிதான். பணம் கணக்கில் இருக்கிறது, ஆள்தான் இல்லை. ஆனால் அந்த இலைக்காசை விட்டுவிட்டீர்கள். அது செலவு. அதைக் கழிக்காவிட்டால் அக்கா வீட்டில் உண்டான மதிப்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

முக்கூடல் மகள்:
கழிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய் மடக்கு சரியில்லை, கனம் பத்தாது என்று ஏஜென்ட் கட்டுகளைக் கழிப்பார். கூலி கிடையாது, பீடியும் திரும்ப வராது. குப்பையிலா கொட்டுவார்?

டவுன் அல்வா:
அது வெளியே விலைபோனால் மாநிலக் கணக்கு இறங்கவே இறங்காது அக்கா! மதிப்புக் கூட்டல் என்பது கூலியும் லாபமும் மற்றதும் சேர்ந்ததுதானே. உங்கள் கூலிப் பக்கம் குறைந்தது லாபப் பக்கம் ஏறியிருக்கும். மொத்தம் அப்படியே நிற்கும். (அந்த விற்பனையையும் மறைத்தால் வேறு கதை.)

சங்கரன்கோவில் தறி:
நீங்கள் பீடியிலேயே நிற்கிறீர்கள். மின்சாரம் இருந்தால் 10 ஆள், இல்லாவிட்டால் 20 ஆள் என்று, 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் போட்ட கோட்டுக்குக் கீழேதான் எங்கள் தெருத் தறி பாதி, அதனால் அந்த ஆண்டுச் சர்வேயில் அவை வந்ததில்லை. எங்களுக்கென்று 2021-22 முதல் வருஷாவருஷம் கம்பெனியாகப் பதிவாகாத தொழில்களுக்கான சர்வே எடுக்கிறார்கள், ஆனால் அதில் சிலதை மட்டும் பொறுக்கிப் பார்க்கிறார்கள், எல்லாத் தறியையும் எண்ணுவதில்லை. அப்புறம் அமெரிக்கா மாதிரிப் பெட்ரோலையும் இதே வரியில் போட்டால் மணலி சுத்திகரிப்பு ஆலை ஒன்று போதும், கச்சா எண்ணெய் விலை ஆடும்போதெல்லாம் மொத்தமும் ஆடும். அதில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஏறியதா இறங்கியதா என்று யாருக்குத் தெரியும்? மாவட்டவாரியாகப் பார்க்கலாம் என்றால், 2019 நவம்பரில் தென்காசி பிரிந்ததும் பழைய நெல்லைக் கணக்கோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பாளை கணக்கன்:
விற்பனையைக் கூட்டுவது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோலையும் தனியாக எடுத்துவிடலாம். ஆனால் கழிவு மொத்தத்தை மாற்றாது என்று இந்தப் பொடியன் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. முக்கூடல், நேற்று எத்தனை கட்டு கழித்தார்கள்?

முக்கூடல் மகள்:
மூன்று.