மேசைக்கணினிக்கு எந்த உள் வன்தட்டு பொருத்தமானது?

கேள்வி: இயங்குதளம் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகத்தில்) இருக்கிறது; குடும்ப ஒளிப்படங்களையும் காணொளிகளையும் சேமிக்க 4 டெராபைட் உள் வன்தட்டு ஒன்றைப் பொருத்த விரும்புகிறேன். நிமிடத்திற்கு 5400 சுழற்சி, 7200 சுழற்சி ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்?

பதில் 1: சேமிப்பதற்கு மட்டும் என்றால் 5400 போதும்; பொதுவாக ஓசையும் வெப்பமும் குறைவாக இருக்கும். அதைவிட முக்கியம் பதிவுமுறை, அதாவது தட்டில் தரவு எழுதப்படும் விதம். எஸ்எம்ஆர் வகையில் தரவு எழுதப்படும் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒரு தடத்தை மாற்றி எழுதும்போது அதையடுத்த தடங்களையும் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது; கோப்புகளை அடிக்கடி திருத்துபவர்களுக்கு இந்தத் தாமதம் மிகவும் சிரமம் தரும். தடங்கள் அப்படி ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகையையே தேடி வாங்குங்கள்.

பதில் 2: வாங்குவதற்கு முன், கணினிப் பெட்டிக்குள் 3.5 அங்குல வன்தட்டுக்கான இடமும் அதைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் சாட்டா இணைப்பும் காலியாக உள்ளனவா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: இரண்டும் உள்ளன. சிஎம்ஆர் வகையில் 5400 சுழற்சி கொண்டதையே வாங்குகிறேன், மிக்க நன்றி.