நாக்அவுட் இரவுகளுக்கு இரண்டு பற்றரி தேவை

திருகோணமலை உப்புவெளியில் ஐரோப்பியக் கால்பந்து சாம்பியன்ஸ் லீக்கின் நாக்அவுட் (தோற்றால் வெளியே) ஆட்டங்களைத் திரையில் போட ஏற்பாடு நடக்குது. புரொஜெக்டர், இன்வேட்டர் இருக்கு. குறை பற்றரிதான்.

எல்லாம் சேர்த்து 300 வாட்ஸ். சமநிலையானால் எதிரணி மைதானத்தில் கூட கோல் அடிச்ச அணி வெல்லும் என்ற வெளியூர் கோல் விதியை 2021இல் எடுத்திட்டாங்க. இரண்டு அணிகளும் மோதுற இரண்டு ஆட்டத்தின் கோலையும் கூட்டிச் சமநிலை என்றால் நேரே மேலதிக நேரம், பிறகு பெனால்டி. அப்படி நீண்டால் கிட்டத்தட்ட 3 மணித்தியாலம், 900 வாட் மணி. 12 வோல்ட் 100 ஏ.எச். (ஆம்பியர் மணி) ஈயப் பற்றரியில் 1200 வாட் மணி இருக்கு; அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் கெதியாப் பழுதாகும், ஆகவே 600 வாட் மணிதான் எடுக்கலாம். ஒன்று காணாது. இரண்டும் ஒரே வயசா இருக்கவேணும். பழசு புதுசையும் இழுத்து விழுத்தும்.

இரவு ஆட்டங்கள் நமக்கு அதிகாலை 1.30, மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் மணிக்கூடு மாறினபிறகு 12.30.

கடற்காத்துக்குத் திரைச்சீலை வயிறு தள்ளுது, கீழ் ஓரத்தில் கோர்க்க 10 அடிக் குழாய் இருந்தாலும் சொல்லுங்கோ.