பழைய கட்டுத்தரைக்கு ஒரு சாய்ப்பு இறக்கினோம். உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

குப்பனூர் தச்சர்:

எங்கள் கட்டுத்தரை, அதாவது மாட்டுக் கொட்டகை, தாத்தா காலத்தில் கட்டியது. சேர்வராயன் மலை அடிவாரத்தில், குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. ஒன்றரை அடிப் பருமனில் கருங்கல் சுவர், உள்ளே செம்மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு, பனை வாரையில் நாட்டு ஓடு. மாடுகள் இரண்டாகக் குறைந்த பிறகு மீதி இடத்தில் மரம் அடுக்கி வைத்திருந்தேன். இழைப்பு இயந்திரமும் வட்ட ரம்பமும் வாங்கியபின் அது சரிப்படவில்லை. இரைச்சலுக்கு மாடு மிரள்கிறது, தீவனத்தில் மரத்தூள் படிகிறது. கிழக்குச் சுவரை ஒட்டி 10 அடி அகலம், 24 அடி நீளத்துக்கு ஒருபக்கம் சரியும் கூரையாகச் சாய்ப்பு இறக்கி, பட்டறையை அங்கே மாற்றிவிடலாம் என்று வீட்டில் முடிவானது.

ஓடே போட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் வாட்டம் இடம் கொடுக்கவில்லை. நாட்டு ஓட்டுக்கு 2 அடிக்கு 1 அடியாவது சரிவு வேண்டும். பழைய கூரையின் சரிவையே நீட்டினால் 10 அடிக்கு 5 அடி இறங்கிவிடும். சுவர் உயரமே 9 அடி. வெளிப்பக்கம் 4 அடியில் கூரை நின்றால் கன்றுக்குட்டிதான் உள்ளே போகலாம். அதனால் தகரம் என்றானது: மேல்பக்கம் எட்டரை அடி, கீழ்ப்பக்கம் 7 அடி, ஒன்றரை அடி வாட்டம்.

அடுத்தது, கூரையின் மேல்பக்கத்தை எதில் நிறுத்துவது? வெல்டிங் செய்பவர் பழைய சுவரிலேயே போல்ட் அடித்து இரும்புச் சட்டத்தை மாட்டிவிடலாம் என்றார். நான்கு தூண் மிச்சம், இரண்டே நாளில் வேலை முடியும் என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. முதல் துளையை நானே போட்டேன். ஓரங்குலம் வரை சுண்ணாம்பு எதிர்த்தது. அதற்குப் பிறகு துளைப்பான் தானாகவே உள்ளே போயிற்று. வெளியே இழுத்தேன், துளையிலிருந்து சிவப்பு மண் மாவு சலித்ததைப் போலக் கொட்டத் தொடங்கியது. நிறுத்திய பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தது. விரலால் அடைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வாழப்பாடியிலிருந்து வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் எதையும் அளக்கவில்லை. கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். சில இடத்தில் கல் சத்தம், சில இடத்தில் பொத்துச் சத்தம். “தம்பி, இந்தச் சுவர் நேராக மேலிருந்து வரும் பாரத்தை இன்னும் நூறு வருடம் தாங்கும். பக்கவாட்டில் பிடித்து இழுத்தால் ஒரு காற்றுக்குத் தாங்காது. உங்கள் தகரம் சுவரைத் தொடவே கூடாது” என்றார்.

நான்கு தூண் மிச்சம் பிடிக்கப் போய், தாத்தா கட்டிய சுவரையே இழந்திருப்பேன். இதே எண்ணத்தில் இருப்பவர்கள் ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உள்வரிசைத் தூண்களைச் சுவரை ஒட்டி நடவும் அவர் விடவில்லை. பழைய சுவரின் கடைக்கால் 2 அடி ஆழம்தான், தலையளவு உருண்டைக் கற்களை அடுக்கியது. அதன் அருகிலேயே இரண்டரை அடிக்குக் குழி எடுத்தால் கற்கள் குழிக்குள் சரிந்துவிடும். சுவரிலிருந்து 2 அடி தள்ளிக் குழி எடுத்தோம்; அதுவும் ஒரு நேரத்தில் ஒரே குழி. காலையில் தோண்டி, பகலில் கம்பி வைத்து, பொழுது சாய்வதற்குள் கான்கிரீட் போட்டு மூடினோம். அது இறுகிய பிறகே அடுத்தது. தூணுக்கு அப்பால் 2 அடி நீட்டிய சட்டத்தின் மேல் தகரம் சுவர்வரை போகிறது, ஓரங்குலம் விட்டு நிற்கிறது. பழைய ஓட்டுக் கூரையின் விளிம்பான இறவாரம் அந்த இடைவெளிக்கு மேல் ஓரடி நீட்டிக்கொண்டிருப்பதால் மழை உள்ளே வராது என்று நினைத்தோம்.

வந்தது. மே மாதக் கோடை மழை மலையிலிருந்து காற்றோடு இறங்கியபோது சாரல் கீழிருந்து மேலாக ஏறி, அந்த ஓரங்குலத்தில் புகுந்து, சுவர் நெடுக வழிந்தது. மண் சாந்துச் சுவருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. சிமெண்ட் பூசி அடைத்துவிடச் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. தகரம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும்; பூச்சு ஒரு மாதத்தில் விரிசல் விடும். ஓரடி அகலத் தகட்டை மடக்கி, மேல் விளிம்பை ஓட்டின் கடைசி வரிசைக்கு அடியில் செருகி, ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரில் ஆணி அடித்தேன். கீழ் விளிம்பு தகரத்தின் மேல் எட்டங்குலம் படிந்து கிடக்கிறது, அதில் ஒரு ஆணிகூட இல்லை. பழையதும் புதியதும் தத்தம் விருப்பத்துக்கு அசையலாம். அதற்குப் பிறகு சுவர் நனையவில்லை.

ஆத்தூர்க்காரர்:

அண்ணா, குழியின் ஆழத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். தகரத்துக்கு என்ன பெரிய பாரம் என்று நாங்கள் ஓரடியில் தூணை நிறுத்தினோம். எங்கள் சாய்ப்பு மூன்று பக்கமும் திறந்தது, குச்சிக்கிழங்கு மூட்டை போட்டு வைப்பதற்காகக் கட்டியது. காற்று கீழே புகுந்து கூரையைத் தூக்கியபோது இரண்டு தூண்கள் கான்கிரீட் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. தகரம் பக்கத்துக் காட்டில் போய் விழுந்தது. பகலில் நடந்திருந்தால் ஆள் இருந்திருப்பார்கள். இப்படிப்பட்ட கூரைக்கு அடியில் போடும் கான்கிரீட், பாரத்தைத் தாங்குவதற்கு மட்டுமன்று. கூரையைக் கீழே பிடித்து வைப்பதற்கும்தான்.

ஏற்காட்டிலிருந்து:

இங்கே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மழையும் பனிமூட்டமும் அதிகம். காபிக் கொட்டை வைக்கும் பழைய கிடங்கை ஒட்டி, தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் மரங்களையே தூணாக நட்டு ஒரு பட்டறை போட்டோம். மண்ணுக்குள் போன பகுதி நான்காம் வருடமே இற்றுப்போனது. இப்போது கருங்கல் பீடம் வைத்து, அதில் இரும்புப் பட்டையைப் பதித்து, மரத்தைத் தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்தியிருக்கிறோம். குரங்குகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பழைய கூரையிலிருந்து தாழ்ந்த கூரைக்குக் குதிக்க அவற்றுக்கு இப்போது வசதியாகிவிட்டது. ஓட்டைப் புரட்டிப் போடுகின்றன. மாதம் ஒரு முறையாவது ஏறிப் பார்த்தாக வேண்டும்.

அம்மாப்பேட்டை நெசவாளர்:

எங்கள் தறி பழைய வீட்டுச் சாய்ப்பில்தான் இருக்கிறது. குழித்தறிக்குக் குழி எடுத்தபோது சுவரிலிருந்து தள்ளி எடுக்கச் சொல்லி அப்பா பிடிவாதம் பிடித்தார். காரணம் இன்றுதான் முழுதாகப் புரிகிறது. ஒரு சந்தேகம்: ரம்பத்தின் அதிர்வு பழைய சுவருக்குப் போகாதா? சேலத்து வெயிலில் தகரத்தின் கீழ் எப்படி வேலை செய்கிறீர்கள்?

குப்பனூர் தச்சர்:

நல்ல கேள்வி, ஐயா. இரண்டு இயந்திரங்களுக்கும் தனித்தனிக் கான்கிரீட் மேடை போட்டிருக்கிறேன். மேடைக்கும் தரைக்கும் நடுவே அரையங்குல இடைவெளி, அதில் மணல். ரம்பம் ஓடும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வெயில்தான் கடினம். கூரைமேல் கீற்றுப் பரப்பச் சொல்கிறார்கள். மரத்தூள் உள்ள இடத்தில் எனக்குத் துணிவில்லை. கீழ்ப்பக்கம் முழுவதும் சுவர் எழுப்பாமல் இடுப்பளவு கட்டி, மேலே கம்பி வலை அடித்திருக்கிறேன். சித்திரையில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்திவிடுகிறேன்.

போட்ட அந்தத் துளையைச் சுண்ணாம்பும் செம்மண்ணும் குழைத்து நானே அடைத்தேன். பழைய கூரையில் ஒரு வாரையைக் கறையான் அரித்திருக்கிறது. புதுப் பட்டறையில் முதலில் இழைத்துக்கொண்டிருப்பது அதற்கு மாற்று வாரைதான்.